ஃபயர்பால் போட்டும் ஒன்றும் ஆகவில்லையா? டி அண்ட் டி-யில் ஸ்பெல்லும் மான்ஸ்டரின் சக்தியும் மோதும் இடங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பகடை உருட்டும் கதை விளையாட்டில் சண்டை பாதியில் நின்று எல்லோரும் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கும் நேரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மந்திரவாதியாக ஆடுபவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த மூன்றாம் லெவல் ஸ்லாட்டை (ஒரு ஸ்பெல், அதாவது மந்திரம், போடச் செலவாகும் இருப்பு) செலவழித்து லைட்னிங் போல்ட் என்ற மின்னல் ஸ்பெல்லை விடுவார். எதிரே நிற்கும் ஃப்ளெஷ் கோலெம் என்ற மான்ஸ்டருக்கு அடிபடாது, உயிர் ஏறும். விதிப்படி அது சரிதான். அந்த வரி கோலெமின் ஸ்டாட் பிளாக்கில் (மான்ஸ்டரின் எண்களும் சக்திகளும் உள்ள கட்டத்தில்) எழுதியிருக்கிறது, ஆடுபவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இப்படி ஸ்லாட்டை வீணாக்காமல் இருக்க, ஒரு ஸ்பெல் கடந்து போகும் வாசல்களை வரிசையாகத் தெரிந்துகொண்டால் போதும். இலக்கு செல்லுமா, போடும்போதே தடுக்க முடியுமா, சேவா (இலக்கு தப்பிக்க உருட்டுவது) அட்டாக் ரோலா (தாக்குபவர் உருட்டுவது), டேமேஜ் என்ன ஆகும், விளைவு எவ்வளவு நேரம் நிற்கும். மான்ஸ்டரின் ஒவ்வொரு சக்தியும் இவற்றில் ஏதோ ஒரு வாசலில்தான் காவல் நிற்கிறது. எந்த வாசல் என்று தெரிந்துவிட்டால் வேறு வழியாக உள்ளே போகலாம்.

1. எந்தப் பதிப்பு என்பதை முதலில் பேசி முடியுங்கள்

ஐந்தாம் பதிப்பில் 2014 விதிகள் ஒன்று, திருத்திய 2024 விதிகள் ஒன்று. இரண்டும் ஒரே பெயரில் புழங்குவதால், ஒரே ஸ்பெல்லை இருவர் இரண்டு விதமாகப் படித்துவிட்டுச் சண்டை போடுவார்கள். இரண்டுக்குமே அடிப்படை விதித் தொகுப்பு இலவச பிடிஎஃப்-ஆகக் கிடைக்கிறது: 2014-க்கு எஸ்ஆர்டி 5.1, 2024-க்கு எஸ்ஆர்டி 5.2. 5.1 தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு வந்துவிட்டது. ஆகவே பிரின்ட் எடுக்கவும் நண்பர்களுக்கு அனுப்பவும் தயங்க வேண்டாம். பிஹோல்டர் போன்ற சில மான்ஸ்டர்கள் மட்டும் இந்த இலவசத் தொகுப்புகளில் இல்லை.

விளையாடும் அன்று கையில் மூன்று தாள் இருந்தால் போதும். உங்கள் ஸ்பெல்களின் முழு வாசகம், பாரலைஸ்டு (அசைய முடியாத நிலை), ஃப்ரைட்டன்டு (பயந்த நிலை) போன்ற கண்டிஷன்களின் பட்டியல், உங்கள் பாத்திரத்தின் வழக்கமான விவரத் தாளான கேரக்டர் ஷீட். ஸ்பெல்லின் சுருக்கத்தை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். தகராறு வருவது எப்போதும் சுருக்கத்தில் விட்டுப்போன அரை வரியில்தான்.

கீழே வரும் எண்கள் 2014 விதிகளுக்கு உரியவை. 2024-இல் பெரிதாக மாறிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

2. இலக்கு செல்லுமா என்று பாருங்கள்

ஸ்டாட் பிளாக்கில் பெயருக்குக் கீழே இருக்கும் சிறிய வரியில் மான்ஸ்டரின் வகை இருக்கும்: ஹ்யூமனாய்டு (மனிதரும் அவர்களை ஒத்த இனங்களும்), அன்டெட் (செத்தும் நடமாடுபவை), கன்ஸ்ட்ரக்ட் (செய்து உயிரூட்டியவை), டிராகன். ஹோல்ட் பெர்சன், சார்ம் பெர்சன் இரண்டும் ஹ்யூமனாய்டுகளை மட்டுமே பிடிக்கும். ஜாம்பிக்கு இரண்டு கை, இரண்டு கால் இருந்தாலும் அது அன்டெட். வேம்பயரும் அப்படித்தான். ஐந்தாம் லெவல் ஹோல்ட் மான்ஸ்டர் ஏறக்குறைய எதையும் பிடிக்கும், ஆனால் அன்டெட்டை அதுவும் பிடிக்காது.

அடுத்து, கண்டிஷன் இம்யூனிட்டி வரி, அதாவது எந்தெந்தக் கண்டிஷன் அதற்கு ஒட்டாது என்ற பட்டியல். இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஹிப்னாடிக் பேட்டர்ன் ஆளைச் செயலிழக்க வைப்பது ‘சார்ம்டு’ (வசியப்பட்ட நிலை) என்ற கண்டிஷன் வழியாக. ஆகவே சார்ம் ஆகாத அயர்ன் கோலெமிடம் அது செல்லாது. எலும்புக்கூட்டுக்கோ சார்முக்கு எதிரான இம்யூனிட்டி இல்லை! அன்டெட் என்றதும் மனதைத் தொடும் ஸ்பெல் எதுவும் வேலை செய்யாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வரியைப் படியுங்கள்.

ஸ்லீப் ஸ்பெல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2014-இல் அதற்கு சேவே கிடையாது. 5டி8, அதாவது ஐந்து எட்டுமுகப் பகடை, உருட்டி, வரும் தொகைக்குள் அடங்கும் ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) உள்ளவர்களைக் குறைவானவரிலிருந்து தூங்க வைக்கும். அன்டெட், சார்ம் ஆகாதவர்கள், எல்ஃபுகள் தப்பித்துக்கொள்வார்கள். 2024-இல் அது விஸ்டம் சேவாக மாறிவிட்டது. தப்பிப்பதற்கான அளவுகோலும் ‘எக்ஸாஷன்’ (களைப்பு) இம்யூனிட்டி என்று ஆகிவிட்டது.

உருவத்தை மாற்றும் பாலிமார்ஃபுக்கு இரண்டு தடைகள். கோலெம்களுக்கு இம்யூட்டபிள் ஃபார்ம் இருப்பதால் உருவம் மாறாது. 2014 விதியில் ஷேப்சேஞ்சர் என்று குறித்திருக்கும் மான்ஸ்டரிடமும் பலிக்காது, வேம்பயர் அதில் சேர்த்தி.

3. ஸ்பெல்லா, மேஜிக்கா, இரண்டும் இல்லையா?

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். மேஜையில் வரும் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மான்ஸ்டர் செய்யும் ஒவ்வொரு காரியமும் மூன்று கூடைகளில் ஒன்றில் விழும்.

முதல் கூடை, ஸ்பெல். லிச் (அன்டெட் மந்திரவாதி) போடும் ஃபயர்பால், ‘இன்னேட் ஸ்பெல்காஸ்டிங்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பவை எல்லாம் இதில் வரும். இரண்டாவது, மேஜிக் உண்டு, ஆனால் ஸ்பெல் இல்லை. பசிலிஸ்க்கின் கல்லாக்கும் பார்வையும் வேம்பயரின் சார்மும் இந்த ரகம். மூன்றாவது, மேஜிக்கே இல்லை. டிராகனின் தீமூச்சு இந்தக் கூடையில்தான் விழுகிறது. நம்ப முடியாதுதான், ஆனால் அதிகாரபூர்வ விளக்கமே அப்படித்தான் சொல்கிறது.

எந்தக் கூடை என்று கண்டுபிடிக்க ஐந்து கேள்விகள். அது மந்திரப் பொருளா? ஸ்பெல்லா, அல்லது ஒரு ஸ்பெல்லின் விளைவை உண்டாக்குகிறதா? ஸ்பெல் அட்டாக்கா? ஸ்பெல் ஸ்லாட்டைச் செலவழிக்கிறதா? வாசகத்திலேயே மேஜிக் என்ற சொல் வருகிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் மேஜிக். பசிலிஸ்க்கின் வாசகத்தில் ‘மேஜிக்கலி’ என்ற சொல் இருக்கிறது. வேம்பயரின் சார்மில் ‘இந்த மேஜிக்குக்கு எதிராக’ சேவ் போடச் சொல்லியிருக்கிறது. டிராகனின் மூச்சிலும், அது கிளப்பும் ஃப்ரைட்ஃபுல் பிரெசன்ஸ் என்ற பயத்திலும் அந்தச் சொல் கிடையாது.

இதை வைத்து எது எதைத் தடுக்கும் என்று பார்ப்போம். போடும்போதே ஸ்பெல்லை அறுக்கும் கவுன்ட்டர்ஸ்பெல்லும், போட்ட ஸ்பெல்லை நீக்கும் டிஸ்பெல் மேஜிக்கும் முதல் கூடைக்கு மட்டுமே. ஆன்ட்டிமேஜிக் ஃபீல்டு முதல் இரண்டையும் அடக்கும். மேஜிக் ரெசிஸ்டன்ஸும் அந்த இரண்டுக்கு எதிராகத்தான் கைகொடுக்கும். டிராகன் மூச்சை இவற்றில் எதுவுமே தொடாது. எட்டாம் லெவல் ஸ்லாட்டைச் செலவழித்து ஆன்ட்டிமேஜிக் ஃபீல்டுக்குள் நின்றாலும் அடல்ட் ரெட் டிராகனின் 18டி6 தீ உங்களை எரிக்கும். நோம் என்ற குள்ள இனத்தவராக ஆடுபவர்களும் கவனிக்க: 2014-இல் அவர்களின் நோம் கன்னிங் சக்தி மேஜிக்குக்கு எதிராக மட்டுமே. டிராகனைப் பார்த்துப் பயப்படும் சேவில் அது உதவாது.

கவுன்ட்டர்ஸ்பெல்லில் தூரம்தான் முக்கியம். எதிரி ஸ்பெல் போடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், 60 அடிக்குள் இருக்க வேண்டும். லிச்சிடமும் கவுன்ட்டர்ஸ்பெல் உண்டு. உங்கள் ஃபயர்பால் 150 அடி போகும். ஆகவே 65 அடி தள்ளி நின்று போட்டால் லிச் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இதைச் செய்யாமல் முன்னால் ஓடிப் போய் நின்று ஸ்லாட்டை இழப்பவர்கள் ஏராளம். 2014-இல் மூன்றாம் லெவல் வரையிலான ஸ்பெல் தானாகவே அறுந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் 10 உடன் ஸ்பெல் லெவலைக் கூட்டிய எண்ணுக்கு எதிராக உருட்ட வேண்டும். 2024-இல் ஸ்பெல் போடுபவர் கான்ஸ்டிட்யூஷன் சேவ் போடுவார், தோற்றாலும் அவருடைய ஸ்லாட் மிஞ்சும்.

டிஎம்-களுக்கு (ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு) ஒரு வேண்டுகோள். ‘இவன் ஒரு ஸ்பெல் போடத் தொடங்குகிறான்’ என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்துங்கள். பிறகு பெயரைச் சொல்லுங்கள். டேமேஜ் உருட்டிய பிறகு ‘கவுன்ட்டர்ஸ்பெல் போட்டிருப்பேனே’ என்ற சச்சரவு வராது.

4. சேவ் வழியா, அட்டாக் வழியா

மேஜிக் ரெசிஸ்டன்ஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு மந்திரமே பலிக்காது என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அது தருவது சேவிங் த்ரோவில், அதாவது சேவில், அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) மட்டுமே. ஐந்தாம் லெவல் மந்திரவாதி, இன்டெலிஜென்ஸ் 18: சேவ் டிசி (எதிரி எட்ட வேண்டிய எண்) 8+3+4=15. எதிரியின் சேவ் +4 என்றால் 20 முகப் பகடையில் 11 விழுந்தாலே அது தப்பித்துவிடும், அதாவது பாதிக்குப் பாதி. மேஜிக் ரெசிஸ்டன்ஸ் இருந்தால் அது தோற்கும் வாய்ப்பு 50-இலிருந்து 25 சதவீதமாக இறங்கும். உங்கள் ஸ்கார்ச்சிங் ரே, ஃபயர் போல்ட் போன்ற அட்டாக் ரோல் ஸ்பெல்களையோ, எந்த உருட்டலும் இல்லாத மேஜிக் மிசைலையோ அது கொஞ்சமும் பாதிக்காது. அப்படிப்பட்ட எதிரியிடம் சேவ் ஸ்பெல்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

ராட்சசன் விஷயம் வேறு. நம் கதைகளிலிருந்து போன பெயர்தான் இந்த மான்ஸ்டருக்கும். ஆட்டத்தில் புலித்தலையும், உள்ளங்கை பின்பக்கம் திரும்பிய கைகளுமாக வருவான். புராணத்தில் படித்ததை வைத்துச் சண்டை போடாமல் ஸ்டாட் பிளாக்கை நம்புங்கள். 2014-இல் ஆறாம் லெவல் வரையிலான எந்த ஸ்பெல்லும், அவனாக விரும்பினால் ஒழிய, அவனைத் தொடாது. அதற்கு மேற்பட்டவற்றுக்கும் சேவில் அட்வான்டேஜ் உண்டு. ஃபயர்பாலை ஏழாம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் அது ஏழாம் லெவல் ஸ்பெல்லாகிவிடும், அப்போது சுடும். ஆனால் அந்த ஸ்லாட் கிடைக்க 13-ஆம் லெவல் ஆக வேண்டும். அதற்கு முன்பே அவனைச் சந்தித்தால் ஸ்பெல்லை அவன்மேல் போடாதீர்கள், உங்கள் ஆட்கள்மேல் போடுங்கள். பிளெஸ் (அடியும் சேவும் பலிக்க உதவும் ஸ்பெல்) வாங்கிய வீரர் மேஜிக் ஆயுதத்தால் அடித்தால் அது செல்லும். ஸ்பெல் தொடுவது வீரரைத்தானே தவிர ராட்சசனை அல்ல. பாலடின் என்ற புனித வீரரின் டிவைன் ஸ்மைட் அடி 2014-இல் ஸ்பெல் கிடையாது, அதனால் முழுசாக இறங்கும். 2024-இல் ஸ்மைட்டும் ஸ்பெல்லாகிவிட்டது, ராட்சசனின் சக்தியும் மாறிவிட்டது. அந்தப் பதிப்பில் அவனுக்கு எல்லா ஸ்பெல் சேவும் தானாக வெற்றி, ஸ்பெல் அட்டாக் எல்லாம் தவறும். பதிப்புகளைக் கலந்தால் இங்கே குளறுபடி நிச்சயம்.

5. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸைக் கரையுங்கள், அல்லது சுற்றிப் போங்கள்

அடல்ட் ரெட் டிராகனுக்கு நாளைக்கு மூன்று முறை, தோற்ற சேவை வென்றதாக மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. மிகப் பெரிய ஸ்பெல்லை முதல் ரவுண்டிலேயே போட்டால் அது அந்த மூன்றில் ஒன்றைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

ஒரு வழி, தோற்றால் டிராகனுக்கு நிஜமாகவே வலிக்கும் சிறிய ஸ்பெல்களை முதலில் போடுவது. அப்போதும் பலவீனமான சேவைத் தேர்ந்தெடுங்கள். அந்த டிராகனுக்கு கான்ஸ்டிட்யூஷன் +13, டெக்ஸ்டெரிட்டி +6. எதைக் கேட்பது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. இன்னொரு வழி, சேவே கேட்காத ஸ்பெல்கள். இரண்டாம் லெவல் சைலன்ஸ் 20 அடி ஆர வட்டத்தில் சத்தத்தை அடக்கிவிடும். வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஸ்பெல்களை நம்பியிருக்கும் லிச்சுக்கு அது பெரிய தலைவலி, லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் அங்கே உதவாது. எட்டாம் லெவல் மேஸ் ஸ்பெல் அடைத்து வைக்கும் சிக்கல் வழியிலிருந்து வெளியே வர டிசி 20 இன்டெலிஜென்ஸ் செக் வேண்டும். செக் வேறு, சேவ் வேறு. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் சேவுக்கு மட்டும்தான்.

6. டேமேஜ் கணக்கின் வரிசை

முதலில் சேவ் வெற்றியின் பாதி. பிறகு கழிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அது. அதற்குப் பிறகு ரெசிஸ்டன்ஸ் (பாதியாக்கும்), கடைசியில் வல்னரபிலிட்டி (இரட்டிப்பாக்கும்). ஃபயர்பால் 8டி6-இன் சராசரி 28. சேவ் வென்றால் 14, தீ ரெசிஸ்டன்ஸும் இருந்தால் 7. ஒற்றைப்படை வந்தால் ஒவ்வொரு முறையும் கீழே இறக்குங்கள்: 27, 13, 6. ஒரே வகை டேமேஜுக்கு இரண்டு இடங்களிலிருந்து ரெசிஸ்டன்ஸ் கிடைத்தாலும் ஒரு முறைதான் பாதி. பிறவியிலேயே தீ ரெசிஸ்டன்ஸ் உள்ளவருக்குத் தீயிலிருந்து காக்கும் ஸ்பெல் இன்னொன்று போடுவது வீண்.

7. டேமேஜ் வகையால் விழித்துக்கொள்ளும் சக்திகள்

கோலெம்களில் ஆரம்பிப்போம். ஃப்ளெஷ் கோலெமுக்கு மின்னலால் உயிர் ஏறும், அயர்ன் கோலெமுக்குத் தீயால், க்ளே கோலெமுக்கு ஆசிட்டால். மாறாக, ஃப்ளெஷ் கோலெமின் மேல் துளி தீ பட்டாலும் அதன் அடுத்த டர்ன் முடியும்வரை அட்டாக்கில் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிச் சிறியதை எடுப்பது). ஸ்லாட் செலவே இல்லாத ஃபயர் போல்ட் அங்கே ஒரு கேடயம் மாதிரி. ரவுண்டுக்கு ஒன்று போட ஒருவரை ஒதுக்குங்கள்.

ட்ரோலுக்கு ஒவ்வொரு டர்னின் தொடக்கத்திலும் 10 ஹிட் பாயின்ட் ஏறும். ஆசிட்டோ தீயோ பட்டால் அடுத்த டர்னில் மட்டும் ஏறாது. மூன்று ரவுண்டுக்கு முன் சுட்டதெல்லாம் கணக்கில் வராது. 0 ஹிட் பாயின்ட்டில் டர்ன் தொடங்கி, உயிர் ஏறாமல் போனால்தான் அது சாகும். ஆகவே அது விழுந்த பிறகு, அதன் டர்ன் வருவதற்குள் யாராவது தீ வைக்க வேண்டும். தீயே இல்லையென்றால் சில் டச் இருக்கிறது: பட்டவர் உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்வரை ஹிட் பாயின்ட் மீட்க முடியாது, இடையில் ட்ரோலின் டர்ன் வந்தே தீரும். 2014-இல் அதை 120 அடியிலிருந்து போடலாம், 2024-இல் கிட்டே போய்த் தொட வேண்டும்.

ஜாம்பி 0-க்கு விழும்போது கான்ஸ்டிட்யூஷன் சேவ் போடும், வென்றால் 1 ஹிட் பாயின்ட்டோடு எழுந்து நிற்கும். டிசி என்பது 5 உடன் அந்த அடியின் டேமேஜ். 3 டேமேஜில் வீழ்த்தினால் டிசி 8. +3 உள்ள ஜாம்பி 80 சதவீதம் எழுந்துவிடும். 12 டேமேஜில் டிசி 17, வாய்ப்பு 35 சதவீதமாகக் குறையும். கடைசி அடி பெரிய அடியாக இருக்கட்டும். ரேடியன்ட் (புனித ஒளி) டேமேஜுக்கும் கிரிட்டிகல் ஹிட்டுக்கும் (டேமேஜ் பகடை இரட்டிக்கும் அடி) இந்த சேவே கிடையாது. அதனால்தான் க்ளெரிக்கின் சேக்ரட் ஃப்ளேமுக்கு இங்கே அவ்வளவு மதிப்பு.

பிளாக் புட்டிங் என்ற கூழ் மான்ஸ்டரைக் கத்தியால் வெட்டினாலோ மின்னலால் அடித்தாலோ காயம் ஏதும் படாது, இரண்டாகப் பிரியும். அதற்கு ஃபயர்பால் போடுங்கள்.

8. கான்சென்ட்ரேஷன், பயம்

பிளெஸ், ஹோல்ட் மான்ஸ்டர், ஹிப்னாடிக் பேட்டர்ன் மாதிரி கான்சென்ட்ரேஷன் கேட்கும் ஸ்பெல்களில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும். அடிபட்டால் சேவ், டிசி 10 அல்லது பட்ட டேமேஜில் பாதி, எது பெரிதோ அது. டிராகன் மூச்சின் சராசரி 63. முழுதாக வாங்கினால் டிசி 31. 2024-இல் உச்சவரம்பு 30 என்று வைத்துவிட்டார்கள், உங்கள் நிலைமை மாறப்போவதில்லை. டெக்ஸ்டெரிட்டி சேவை வென்று 31 வாங்கினால் டிசி 15, அது சமாளிக்கக்கூடியது. ஆகவே கான்சென்ட்ரேஷன் பிடித்திருப்பவர் அந்த 60 அடிக் கூம்புக்கு வெளியே நிற்க வேண்டும், கூட்டத்தோடு சேர்ந்து நிற்கக்கூடாது.

பயந்த நிலையில் அட்டாக் ரோலுக்கும் எபிலிட்டி செக்குக்கும் டிஸ்அட்வான்டேஜ். எதிரி போட வேண்டிய சேவை அது தொடுவதில்லை. டிராகனைப் பார்த்து நடுங்கும் மந்திரவாதி ஃபயர் போல்ட்டை விட்டுவிட்டு சேவ் கேட்கும் ஸ்பெல்லுக்கு மாறினால் ஒரு நஷ்டமும் இல்லை. முதல் லெவல் ஹீரோயிசம் வாங்கியவருக்குப் பயமே வராது.

பறக்கும் எதிரியை 60 அடி உயரத்தில் ஹோல்ட் மான்ஸ்டரால் பிடித்தால், ‘ஹோவர்’ என்ற சொல் அதன் ஸ்டாட் பிளாக்கில் இல்லாதபட்சத்தில், விழுந்து 6டி6 டேமேஜ் வாங்கும். பிறகு ஐந்து அடிக்குள் நின்று அடிக்கும் ஒவ்வோர் அடியும் கிரிட்டிகல்.

9. சரிசெய்ய ஆகும் செலவும் கெடுவும்

மேஜிக் என்றால் டிஸ்பெல் மேஜிக் சரியாக்கும் என்று நம்பி, கல்லாகிப்போன நண்பர்மேல் அதைப் போடுகிறார்கள். பசிலிஸ்க்கின் பார்வை இரண்டாவது கூடை, டிஸ்பெல் செல்லாது. அதற்கு ஐந்தாம் லெவல் கிரேட்டர் ரெஸ்டோரேஷன் வேண்டும். 100 தங்கக் காசு மதிப்புள்ள வைரத்தூள் ஒவ்வொரு முறையும் கரையும். இறந்தவரை எழுப்பும் ரிவிவிஃபைக்கு 300 தங்கக் காசு வைரம், ஒரு நிமிடத்துக்குள், அதாவது பத்து ரவுண்டுக்குள் போட்டாக வேண்டும். தவறவிட்டால் ரெய்ஸ் டெட்: 500 காசு வைரம், ஒரு மணி நேரம் போட வேண்டும், இறந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது.

இவற்றை, சாதாரணப் பொருட்களுக்குப் பதிலாக உதவும் ஃபோகஸ் கருவி வைத்துச் சமாளிக்க முடியாது. விலை குறித்திருக்கும் பொருள் கையில் இருந்தே ஆக வேண்டும். ஊரில் இருக்கும்போதே வைரத்தை வாங்கிவிடுங்கள். குகைக்குள் பை நிறையத் தங்கம் இருந்தும் வைரம் இல்லாமல் நண்பரை இழப்பது இந்த ஆட்டத்தின் மிகக் கசப்பான அனுபவம்.

10. இன்னும் தீரவில்லை என்றால்

பொது விதியும் மான்ஸ்டரின் தனி விதியும் மோதினால் தனி விதிக்கே வெற்றி. ஒரே பெயருள்ள ஸ்பெல் ஒருவர்மேல் இரண்டு முறை விழுந்தாலும் ஒன்றின் பலன்தான். இரண்டு விளைவுகள் ஒரே நொடியில் வந்தால், யாருடைய டர்ன் நடக்கிறதோ அவரை வைத்து ஆடுபவர் வரிசையைத் தீர்மானிக்கலாம்.

அதற்கும் அகப்படாத சிக்கல் வந்தால் இரண்டு நிமிடம் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் டிஎம் சொல்வதை ஏற்று ஆடிவிட்டு, கேள்வியை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் ஆட்டம் தொடங்கும் முன் வாசகத்தைச் சேர்ந்து படித்து முடிவெடுங்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போட வேண்டாம். அதே கேள்வி இரண்டு மாதத்தில் திரும்ப வரும்.